காற்று எழுப்பும் இரைச்சலும் கணினிச் சிமுலேஷனும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகை. கச்சான் காலத்தில் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் லூவர்களும் பல்கனிக் கைபிடிகளும் விசிலடிப்பது ஒன்று. கந்தளாய், கிண்ணியாப் பக்கத்து நெல் ஆலைகளில் புளோவர் (காற்றூதும் விசிறி) ஊளையிடுவது மற்றது. கீழே உள்ள கணக்குகள் எல்லாம் 32 பாகை செல்சியஸில் உள்ள ஈரக் காற்றுக்கானவை: ஒலியின் வேகம் செக்கனுக்கு 350 மீற்றர், அடர்த்தி கனமீற்றருக்கு 1.14 கிலோகிராம். மென்பொருள் தானாகப் போட்டு வைத்திருக்கும் 1.225 என்ற அடர்த்தி 15 பாகைக் காற்றுக்குரியது. அப்படியொரு காற்று திருகோணமலையில் எந்த மாதத்திலும் வீசுவதில்லை. முதலில் அதை மாற்றுங்கள்.

காற்று ஏன் சத்தம் போடுகிறது?

கொந்தளித்து ஓடும் காற்றுக்குள் அமுக்கம் ஏறி இறங்குகிறது. அதில் மிகச் சிறிய பங்கு ஒலியாகப் பிரிந்து வெளியே போகிறது. ஜேம்ஸ் லைட்ஹில் 1952இல் காட்டியது, தனியே பீறிடும் காற்றுத்தாரையின் ஒலிவலு வேகத்தின் எட்டாம் அடுக்கோடு ஏறும் என்பது. அருகில் திண்மப் பரப்பு ஒன்று இருந்தால் நிலைமை மாறுகிறது என்பதை 1955இல் கர்ல் காட்டினார். பரப்பில் ஏறி இறங்கும் விசை எழுப்பும் ஒலி ஆறாம் அடுக்கோடு ஏறும். வேகம் இரட்டித்தால் முதலாவது 24 டெசிபெல் கூடும், இரண்டாவது 18 டெசிபெல் கூடும்.

கூடும் அளவு குறைவுதானே என்று இரண்டாவதைத் தள்ளிவிடக்கூடாது. செக்கனுக்கு 10 முதல் 50 மீற்றர் வரையான நமது வேகங்களில் பரப்பு எழுப்பும் ஒலிதான் பெரிது. தாரையின் ஒலி அதற்குக் கீழே அமுங்கிப்போகும். ஆகவே சந்தேகப்பட வேண்டியவை ஓரங்கள், கம்பிகள், துளைகள், இறக்கை நுனிகள்.

பட்டத்தில் கட்டும் விண்ணும் இதே வகையா?

இல்லை. விண்ணில் நார் தானே படபடக்கிறது. காற்றும் நாரும் ஒன்றையொன்று ஆட்டுகின்றன. அதைச் சிமுலேஷனில் பிடிக்கப் பாய்ச்சலோடு நாரின் அசைவையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். இறுக்கமாகப் பொருத்திய கம்பி அசையாமலே பாடும். உங்கள் வீட்டுத் தகடு கையில் அதிர்வு தெரியும் அளவுக்கு ஆடுகிறதென்றால், அது விண் வகை. ஒரு ஆணியோ றப்பர் துண்டோ வைத்து இறுக்கிப் பாருங்கள், கணினி தேவைப்படாது.

சிமுலேஷன் தொடங்குமுன் என்ன செய்ய வேண்டும்?

சத்தத்தின் மீடிறனை அளந்துகொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த மீடிறனில் எவ்வளவு ஒலி என்ற வரைபு, காட்டும் செயலி ஒன்று போதும். டெசிபெல் அளவில் அது பிழைவிடலாம், மீடிறனில் பெரும்பாலும் பிழைவிடாது. பிறகு கையாலே மூன்று கணக்கு.

கம்பி அல்லது மொட்டையான ஓரம் என்றால், மீடிறன் = 0.2 × காற்றின் வேகம் ÷ தடிப்பு. செக்கனுக்கு 12 மீற்றர் காற்றில் 10 மில்லிமீற்றர்க் கம்பி 240 ஹெர்ட்ஸில் பாடும். 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள லூவர்த் தகடு 1,200 ஹெர்ட்ஸில் விசிலடிக்கும். காது சகிக்காத இடம் அது.

விசிறி என்றால், இறக்கைகளின் எண்ணிக்கை × நிமிடச் சுற்று ÷ 60. நாலு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சுமார் 1,440 சுற்றுச் சுற்றும். 12 இறக்கை இருந்தால் 288 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகள் 576, 864.

குழாய் என்றால், இரு முனையும் அடைத்த 1.2 மீற்றர்க் கைபிடிக் குழாயின் அடிப்படை மீடிறன் 350 ÷ 2.4, அதாவது 146 ஹெர்ட்ஸ். காற்று கூடக் கூடச் சுருதியும் ஏறினால் சுழல் உதிர்வு, அதாவது ஓரத்திலிருந்து சுழல்கள் மாறி மாறிக் கழன்று போவது. காற்று மாறியும் சுருதி ஒரே இடத்தில் நின்று, பின் திடீரென அடுத்த மடங்குக்குத் தாவினால் குழாயின் ஒத்ததிர்வு.

ஸ்பெக்ட்ரத்தில் சரியாக 100 ஹெர்ட்ஸில் முள்போல ஒரு உச்சம் நின்றால் காற்றைக் குற்றம் சொல்ல வேண்டாம். அது மோட்டாரின் காந்தப் பகுதி. பெயாரிங், பெல்ட் சத்தங்களும் அப்படியே: காற்றுவழியைத் திறந்தாலும் மூடினாலும் அவை மாறாது.

இவ்வளவும் கையாலே தெரியுமென்றால் கணினி எதற்கு?

கைக்கணக்கு எந்தச் சுருதி என்று சொல்லும். எவ்வளவு உரக்க, எந்த ஓரத்திலிருந்து, எதை எத்தனை மில்லிமீற்றர் வெட்டினால் குறையும் என்று சொல்லாது. சிமுலேஷனின் பயன் ஒப்பீட்டில் இருக்கிறது. ஒரே மெஷ் (காற்றுவெளியைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் வலை) முறை, ஒரே நேரப்படி, ஒரே எல்லை நிபந்தனையோடு (கணக்கு வெளியின் விளிம்புகளில் காற்றுக்குக் கொடுக்கும் நிலை) இரண்டு வடிவங்களை ஓட்டி வித்தியாசத்தைப் பாருங்கள். “பழைய நாக்கைவிடப் புதிய நாக்கு 288 ஹெர்ட்ஸில் 6 டெசிபெல் குறைவு” என்ற விடையை நம்பலாம் (நாக்கு என்பது புளோவர்க் கூட்டில் இறக்கைச் சில்லுக்கு மிக அருகே வரும் ஓரம்). “வேலியடியில் 52.3 டெசிபெல் வரும்” என்று ஒருவர் அறிக்கை தந்தால், அந்த 0.3 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

கணக்கு எப்படி நடக்கிறது?

இரண்டு கட்டமாக. முதலில் பாய்ச்சலை நேரத்தோடு மாறுவதாகத் தீர்த்து, பரப்புகளில் அமுக்கம் ஏறி இறங்குவதைப் பதிவுசெய்கிறோம். பிறகு அந்தப் பதிவை ஃபோக்ஸ் வில்லியம்ஸும் ஹாக்கிங்ஸும் 1969இல் தந்த சமன்பாட்டில் இட்டு, தூரத்தில் நிற்பவரின் காதில் விழும் ஒலியைப் பெறுகிறோம். இந்தச் சமன்பாடு நகரும் பரப்புக்கும் பொருந்துவதால் விசிறிக்கு ஏற்றது.

ஒரேயடியாக ஒலியையும் சேர்த்துத் தீர்க்காததற்குக் காரணம் அளவுகள். 60 டெசிபெல் என்பது 0.02 பாஸ்கல். வளிமண்டல அமுக்கம் 101,325 பாஸ்கல். அவ்வளவு சிறிய அலையை மெஷ் வழியாக 50 மீற்றர் கொண்டுபோனால், எண்கணிதப் பிழை வழியிலேயே அதைத் தின்றுவிடும்.

நெருக்கப்படாத பாய்ச்சல் என்று எடுத்தால் போதாதா? அதுதான் வேகமாக ஓடுகிறது.

நெருக்கப்படாத பாய்ச்சல் என்பது காற்றின் அடர்த்தி மாறாது என்று கொண்டு தீர்ப்பது. லூவர், கம்பி, திறந்த விசிறி போன்றவற்றுக்கு அது போதும். பொருளின் அளவு ஒலியின் அலைநீளத்தைவிட நன்கு சிறிதாக இருக்க வேண்டும். 1,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 35 சென்ரிமீற்றர். 2 மில்லிமீற்றர் ஓரம் அதற்கு முன் தூசு.

துளையிட்ட கைபிடிக் குழாய்க்கு இது சரிவராது. நெருக்கப்படாத பாய்ச்சலில் ஒலியின் வேகம் முடிவிலி. குழாய்க்குள் 146 ஹெர்ட்ஸ் என்ற ஒன்றே பிறக்காது. விசில் உள்ள பல்கனிக்கு “சத்தமில்லை” என்ற விடை வருவது பெரும்பாலும் இதனால். குழிவு, குழாய், நீண்ட காற்றுக்கால்வாய் எது இருந்தாலும் நெருக்கப்படும் பாய்ச்சலாகத்தான் தீர்க்க வேண்டும்.

கைபிடிக்கு நாங்கள் சிமுலேஷனையே சிபாரிசு செய்வதில்லை. துளைகளை ஒவ்வொன்றாக ஒட்டுநாடாவால் மூடிப் பாருங்கள். எந்தத் துளையை மூடும்போது விசில் நிற்கிறதோ, அதற்கு றப்பர் அடைப்புப் போட்டு, தண்ணீர் வடியும் துளையைக் காற்றுக்கு மறைவான கீழ்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். அரை நாள் வேலை.

ரான்ஸ் மாதிரி போதுமா?

ரான்ஸ் என்பது கொந்தளிப்பைச் சராசரியாக்கிக் கணிக்கும் முறை. அது சராசரியை மட்டும் தரும். ஒலியோ சராசரியிலிருந்து விலகும் துடிப்பில்தான் இருக்கிறது. ஆகவே மீடிறன் வாரியான ஒலி அதில் நேரடியாகக் கிடைக்காது. ஆனால் எங்கே கொந்தளிப்பு மிகுகிறது என்று ஒரு மணி நேரத்தில் காட்டிவிடும். பத்து வடிவங்களை ரான்ஸில் வடிகட்டி, நல்ல இரண்டை மட்டும், பெரிய சுழல்களை நேரடியாகத் தீர்க்கும் டி.ஈ.எஸ் அல்லது எல்.ஈ.எஸ் முறையில் ஓட்டுவது செலவைத் தாங்கக்கூடிய வழி. நேரத்தோடு மாறும் ரான்ஸ், கம்பியின் சுருதியைக் காட்டும். ஆனால் சுழல்கள் யாவும் ஒழுங்காக உதிர்வதாகக் கொள்வதால் அந்த முள்ளை உண்மையைவிட உயர்த்திக் காட்டும்.

மெஷ் எவ்வளவு நுண்ணியதாக வேண்டும்?

சூரைக்குக் கட்டிய வலையில் சூடை நிற்காது. மெஷும் அப்படித்தான்; கண்ணியைவிடச் சிறிய சுழல் நழுவிப் போய்விடும், அதன் சத்தமும் கூடவே போய்விடும்.

பலர் விடும் பிழை, கண்ணியின் அளவை ஒலியின் அலைநீளத்தை வைத்துத் தீர்மானிப்பது. 1,000 ஹெர்ட்ஸுக்கு 35 சென்ரிமீற்றர், அதை 20 ஆகப் பிரித்தால் கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர் என்று போட்டுவிடுகிறார்கள். ஒலி பிறக்கும் இடத்தில் பார்க்க வேண்டியது சுழலின் நீளம். சுழல் காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 0.7 பங்கு வேகத்தில் நகரும். செக்கனுக்கு 12 மீற்றர் காற்றில் 1,000 ஹெர்ட்ஸ் தரும் சுழல் 0.7 × 12 ÷ 1,000, அதாவது 8.4 மில்லிமீற்றர். அதற்குள் எட்டு, பத்து அறையாவது வேண்டும். ஆக, ஓரத்தைச் சுற்றி 1 மில்லிமீற்றர் அறை.

சுவரை ஒட்டி இன்னும் நுண்மை தேவை. 10 சென்ரிமீற்றர் அகலத் தகட்டில் அதே காற்றுக்கு வை-பிளஸ் (சுவரிலிருந்து முதல் அறை எவ்வளவு அருகே என்பதைக் காட்டும் அலகற்ற எண்) 1 பெற, முதல் அறையின் உயரம் சுமார் 0.05 மில்லிமீற்றர். அங்கிருந்து அடுத்தடுத்த படைகளை 1.15 அல்லது 1.2 மடங்காக வளர்க்கலாம். ஓரத்திலிருந்து பின்னோக்கித் தகட்டு அகலத்தின் இரண்டு மடங்கு தூரமாவது நுண்ணிய மெஷை நீட்டுங்கள். அறைகளின் அளவு சடுதியாக இரட்டிக்கும் எல்லையில் சுழல் ஒன்று கடந்தால், அந்த எல்லையே போலிச் சத்தம் எழுப்பும்.

நேரப்படி எவ்வளவு, எவ்வளவு நேரம் ஓட வேண்டும்?

5,000 ஹெர்ட்ஸ் வரை வேண்டுமென்றால் 10 மைக்ரோ செக்கன் படி. ஒரு அலைக்கு 20 புள்ளிகள் கிடைக்கும். மீடிறன்களை எவ்வளவு நெருக்கமாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பது பதிவின் நீளத்தின் தலைகீழ். 1,440 சுற்று விசிறியின் ஒரு சுற்று 41.7 மில்லி செக்கன். பத்துச் சுற்றுப் பதிவு செய்தால் 2.4 ஹெர்ட்ஸ் இடைவெளி. அதற்கு ஏறத்தாழ 42,000 படிகள். தொடக்கத்து மூன்று நாலு சுற்றுகளை எறிந்துவிடுங்கள். அவை காற்று நிலைகொள்ளும் காலம்.

ஒரு கோடி அறை மெஷில், 16 கோர் கணினியில் படி ஒன்றுக்கு 12 செக்கன் எடுத்தால், பதிவுக்கு மட்டும் ஆறு நாள். நினைவகம் கோடி அறைக்கு 10 முதல் 20 கிகாபைற்று. மின்வெட்டு வரும் என்றே எண்ணி, ஒவ்வொரு 500 படிக்கும் ஒரு மீள்தொடக்கக் கோப்பு எழுதுங்கள், பழையதை அழிக்கும்படி வையுங்கள். முழுப் பாய்ச்சலையும் ஒவ்வொரு படியிலும் சேமிக்க முயன்றால் வன்தட்டு முதல் நாளே நிரம்பும். பரப்பு அமுக்கம் மட்டும் போதும்: 2 இலட்சம் முகங்கள், 20,000 பதிவுகள், எண்ணுக்கு 4 பைற்று என்றால் 16 கிகாபைற்று.

எல்லை நிபந்தனையில் என்ன பிழை வரும்?

வெளியேறும் எல்லையில் அமுக்கத்தை அசையாமல் பிடித்தால் அது ஒலியைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும். நெருக்கப்படும் பாய்ச்சலில் அலையைத் திருப்பாத எல்லையை எடுங்கள். அதற்கு முன் மெஷைப் படிப்படியாகப் பருக்கவைத்து ஒரு தணிப்புப் பகுதியும் விடுங்கள். ஸ்பெக்ட்ரத்தில் சம இடைவெளியில் முள்கள் நின்றால், அந்த இடைவெளி ஒலியின் வேகத்தை மெஷ் பெட்டியின் இருமடங்கு நீளத்தால் வகுத்த எண்ணா என்று பாருங்கள். ஆம் என்றால் நீங்கள் கேட்பது பெட்டியின் சத்தம்.

உள்வரும் காற்றை மிக மென்மையாகக் கொடுப்பதும் பிழைதான். கூரைக்கு மேல் வீசும் கச்சான் மரத்திலும் மதிலிலும் அடிபட்டு வருகிறது. உள்வாயில் செயற்கைக் கொந்தளிப்புச் சேர்க்காவிட்டால் பரந்த இரைச்சல் குறைவாக வரும்.

நெல் ஆலைப் புளோவரை எப்படி அமைப்பது?

சில்லின் விட்டம் 600 மில்லிமீற்றர், 12 இறக்கை, 1,440 சுற்று என்று கொள்வோம். நுனி வேகம் செக்கனுக்கு 45 மீற்றர். இங்கே ஊளையின் தாய், கூட்டின் நாக்கு. ஒவ்வொரு இறக்கையும் அதைக் கடக்கும்போது ஒரு அடி; செக்கனுக்கு 288 அடி.

கூடு சமச்சீர் அல்லாததால் ஒரு இறக்கையை மட்டும் வெட்டியெடுத்து ஓட்ட முடியாது, முழுச் சில்லும் வேண்டும். சில்லைச் சுற்றி வழுக்கும் மெஷ், அதாவது சில்லோடு சேர்ந்து சுற்றும் மெஷ், வையுங்கள். நாக்குக்கும் சில்லுக்கும் நடுவே வழுக்கும் எல்லை வர வேண்டும், இரு பக்கமும் பத்து அறையாவது இருக்க வேண்டும், எல்லையின் இருபுறமும் அறை அளவு ஒத்திருக்க வேண்டும். ஒலிக்கான பதிவுப் பரப்பை அந்த வழுக்கும் எல்லையிலேயே வைக்காதீர்கள். இடைக்கணிப்புப் பிழையெல்லாம் ஒலியாகப் பதிவாகும்.

புளோவருக்கு முன் 90 பாகை வளைவு இருந்தால் அதையும் வரையுங்கள். தளத்தில் வளைவும் கணினியில் நேர்க்குழாயும் இருந்தால் விடை ஒருபோதும் ஒட்டாது. பல ஆலைகளில் வளைவுக்கும் புளோவரின் வாய்க்கும் நடுவே குழாய் விட்டத்தின் மூன்று மடங்கு நேர்க்குழாய் விட்டாலே தெளிவான குறைவு கிடைக்கும். சிமுலேஷனில் இதை முதல் மாற்றமாகச் சோதியுங்கள்; செலவும் குறைவு.

அடுத்து நாக்கின் இடைவெளி. 30 மில்லிமீற்றரை, அதாவது விட்டத்தின் 5 சதவீதத்தை, 60 ஆக்கினால் 288 ஹெர்ட்ஸ் முள் இறங்கும். கூடவே கொஞ்சக் காற்று நாக்கடியால் திரும்பிச் சுற்றும், அமுக்கமும் வினைத்திறனும் குறையும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பார்த்து ஆலைக்காரருக்குச் சொல்ல வேண்டும். சத்தம் குறைந்து உமி பறக்காவிட்டால் அவர் மறுநாளே பழைய நாக்கைப் பொருத்திவிடுவார். நாக்கைச் சாய்வாக வைப்பது இடைவெளியைக் கூட்டாமல் அடியைக் கலைக்கும். இறக்கை முழு நீளத்தையும் ஒரே கணத்தில் சந்திக்காமல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாகச் சந்திக்கும்.

வேகத்தைக் குறைத்தால் போகாதா?

போகும், இடமிருந்தால். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியால் 50 ஹெர்ட்ஸை 40 ஆக்கினால் விசிறிச் சத்தம் ஏறத்தாழ 5 டெசிபெல் குறையும். காற்றின் அளவு 80 சதவீதம், அமுக்கம் 64, மின்வலு 51. இதற்குச் சிமுலேஷன் தேவையேயில்லை.

லூவரின் விசிலுக்கு என்ன வடிவம் நல்லது?

மொட்டை ஓரத்தைச் சரிவாகச் சீவுவது. எல்லைப் படலம் என்பது பரப்பை ஒட்டி மெதுவாக ஓடும் காற்றுப் படை; அது வெளிக்காற்றைத் தள்ளிவைக்கும் அளவு இடப்பெயர்ச்சித் தடிப்பு. ஓரத்தின் தடிப்பு, அவ்விடத்து இடப்பெயர்ச்சித் தடிப்பில் 0.3 பங்குக்குக் கீழே வந்தால் ஒற்றைச் சுருதி அழிந்துவிடும். மெஷில் சீவிய ஓரத்தைக் கூராக வரையாமல், பட்டறையில் அரத்தால் எவ்வளவு கிடைக்குமோ அந்த 0.3, 0.5 மில்லிமீற்றரை வையுங்கள். அரப்பல் வடிவம் பரந்த இரைச்சலுக்கு உதவும்; பல்லின் நீளம் எல்லைப் படலத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் மெல்லிய அலுமினியப் பற்கள் எத்தனை கச்சான் தாங்கும் என்பது வேறு கேள்வி.

ஐந்து சென்ரிமீற்றர்த் துண்டை மட்டும் ஓட்டினேன். ஒரு மீற்றர்த் தகட்டுக்கு எப்படி மாற்றுவது?

அதிகம் பிழைபோகும் இடம் இது. நீளம் 20 மடங்கு. துண்டுகளின் துடிப்பு ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருந்தால் 13 டெசிபெல் கூட்ட வேண்டும். எல்லாம் ஒரே தாளத்தில் துடித்தால் 26. நடுவே 13 டெசிபெல் வித்தியாசம் கிடக்கிறது. பரப்பில் நீளவாக்கில் அமுக்கப் பதிவுகளை எடுத்து, எவ்வளவு தூரம் ஒத்துத் துடிக்கிறது என்று மீடிறன்தோறும் கணித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அப்படி ஒத்துத் துடிக்கும் நீளம் துண்டைவிடப் பெரிதென்றால், துண்டே போதாது.

எந்த மென்பொருள்?

ஓப்பன்ஃபோம் இலவசம், 2004 முதல் திறந்த மூலம். எஸ்.யூ.2வும் இலவசம். அன்சிஸ் ஃபுளுவென்ட்டில் மேலே சொன்ன ஒலிச் சமன்பாடு உள்ளேயே இருக்கிறது, விலையும் அதற்கேற்ப. கற்பவர்கள் ஓப்பன்ஃபோமில் வட்டக் கம்பியில் தொடங்குங்கள். மேலே கம்பிக் கணக்கில் வந்த 0.2 என்ற எண்ணுக்கு அருகே வராதவரை வேறெதையும் தொடாதீர்கள்.

சட்டப்படி எவ்வளவு அனுமதி?

1996 மே 23ஆம் திகதிய 924/12 இலக்க வர்த்தமானியில் வந்த தேசிய சுற்றாடல் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, பிரதேச சபைப் பகுதியில் பகல் 55, இரவு 45 டெசிபெல். நகர, மாநகர சபைப் பகுதியில் 63, 50. கைத்தொழில் பேட்டையில் 70, 60. இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது. உப்புவெளியும் நிலாவெளியும் பிரதேச சபைப் பகுதிகள் என்பதால், விடுதி எக்ஸோஸ்ட் விசிறிக்கு இலக்கு 45.

இந்த அளவுகள் ஏ-நிறையிட்டவை, அதாவது காதுக்குக் குறைவாகக் கேட்கும் மீடிறன்களைக் குறைத்துக் கணக்கிட்டவை. சிமுலேஷன் விடைக்கும் அதே நிறையைக் கொடுத்த பிறகே ஒப்பிடுங்கள். 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல் கழியும், 315இல் 6.6 கழியும், 1,000இல் ஒன்றும் கழியாது.

தளத்தில் அளந்து எப்படிச் சரிபார்ப்பது?

நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், ஒலிவாங்கிக்கு நுரைப் பந்து போட்டு, விசிறியை ஓட்டியும் நிறுத்தியும் அளவுங்கள். இரண்டுக்கும் 10 டெசிபெல் வித்தியாசமாவது வேண்டும். கடற்கரையோரம் அலையின் இரைச்சலே அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். அப்படியானால் விசிறிக்கு அருகே அளந்து தூரத்துக்குக் கணித்துக்கொள்ளுங்கள்.

அளப்பதற்கு முன் இறக்கைகளைக் கழுவுங்கள். உப்பும் உமித்தூசும் படிந்த முன்னோரம் கணினியில் நீங்கள் வரைந்த முன்னோரம் அல்ல. கழுவுமுன் ஒருமுறை, கழுவியபின் ஒருமுறை அளந்தால், எந்தப் பங்கு அழுக்கின் சத்தம் என்பதும் தெரிந்துவிடும்.